டிரெய்லர் பிரேக் கன்ட்ரோலரை அமைப்பது எப்படி: முதலில் டிரம், பிறகு வயர், கடைசியில் கெய்ன்

ஒன்டாரியோ மாகாணத்தில் மொத்த எடை 1,360 கிலோவோ அதற்கு மேலோ உள்ள எந்த டிரெய்லருக்கும் தனி பிரேக் இருந்தே ஆக வேண்டும் என்பது சட்டம். குடும்பத்தோடு முகாமுக்குப் போகிறவர்கள் வாங்கும் கேம்பர் டிரெய்லர்களில் பெரும்பாலானவை இந்த எல்லையைத் தாண்டியவை. அவற்றில் பெரும்பாலும் இருப்பவை மின்சார டிரம் பிரேக்குகள். அந்த பிரேக்குகளுக்கு எப்போது, எவ்வளவு மின்சாரம் அனுப்புவது என்று தீர்மானிக்கும் சிறு பெட்டிதான் பிரேக் கன்ட்ரோலர். ஓட்டுநரின் முழங்காலுக்கு மேலே அது பொருத்தப்பட்டிருக்கும். இன்றைய பிக்கப் வண்டிகள் பலவற்றில் டாஷ்போர்டிலேயே சேர்ந்து வருகிறது. டிரெய்லர் இழுப்பது இதுவே முதல் முறை என்றால், இந்தக் கட்டுரையில் உள்ள வேலைகளை எழுதியிருக்கும் வரிசையிலேயே செய்யுங்கள். வரிசையை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு.

எங்கள் முதல் பயணம் ஹன்ட்ஸ்வில் வழியாக அல்கோன்குவின் பூங்காவுக்கு. டிரெய்லர் இரட்டை ஆக்ஸில் கொண்டது. பொருள்கள் ஏற்றியபின் ஏறக்குறைய 2,700 கிலோ. நெடுஞ்சாலையை விட்டு இறங்கும் வளைவில் பிரேக்கை மிதித்தபோது, பின்னாலிருந்து யாரோ தோளில் கை வைத்துத் தள்ளுவது போல வண்டி முன்னே போனது. கன்ட்ரோலரில் கெய்னை, அதாவது டிரெய்லருக்குப் போகக்கூடிய மின்சாரத்தின் உச்ச அளவை, 6-இலிருந்து 8-க்கும், பிறகு 9.5-க்கும் ஏற்றினேன். ஓரளவு பிடித்ததே தவிர, வயிற்றைப் பிசையும் அந்தத் தள்ளல் போகவில்லை. வீடு திரும்பிச் சக்கரங்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது: நான்கு டிரம்களிலும், உள்ளிருந்து டிரம்மின் சுவரை அழுத்த வேண்டிய பிரேக் ஷூக்கள் டிரம்மை விட்டு வெகுதூரம் விலகி இருந்தன. விற்ற இடத்தில் யாரும் அவற்றைச் சரிசெய்திருக்கவில்லை. பின்பக்க இடது சக்கரத்தில், ஷூக்களை விரிக்கும் பல்சக்கரமான நட்சத்திரச் சக்கரத்தை இருபது சொடுக்குக்கு மேல் திருப்பிய பிறகே ஷூ டிரம்மைத் தொட்டது. அந்த வேலையை முடித்த பின் கெய்ன் 6-இலேயே வண்டி நின்றது. கன்ட்ரோலர் மின்சாரத்தை மட்டுமே அனுப்புகிறது. வண்டியை நிறுத்துவது டிரம். இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால், மீதி எல்லாம் தானாக விளங்கும்.

உள்ளே என்ன நடக்கிறது

டிரம்முக்குள் கீழ்ப்பகுதியில் ஒரு மின்காந்தம் இருக்கிறது. ஒரு நெம்புகோலின் நுனியில் அது தொங்குகிறது. நீங்கள் பிரேக்கை மிதித்ததும் கன்ட்ரோலர் நீல வயர் வழியாக மின்சாரம் அனுப்புகிறது. காந்தம் உயிர் பெற்று, சுழன்றுகொண்டிருக்கும் டிரம்மின் உட்பக்க வட்டத் தகட்டில் ஒட்டிக்கொள்கிறது. டிரம் சுழல்வதால் காந்தத்தையும் தன்னோடு சற்று இழுத்துச் செல்கிறது; அந்த இழுப்பில் நெம்புகோல் சாய்ந்து, மேலே உள்ள இரண்டு ஷூக்களையும் விரித்து, டிரம்மின் சுவரில் அழுத்துகிறது.

இதிலிருந்து இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. சக்கரம் சுழலாமல் இருக்கும்போது காந்தத்தை இழுக்க எதுவும் இல்லை. ஆகவே நிறுத்தி வைத்த வண்டியில் கன்ட்ரோலரின் கை நெம்பை (டிரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் இயக்கும் விசையை) தள்ளிப் பார்த்து பிரேக்கின் பலத்தை அளக்க முடியாது, ஆமை வேகத்தில் உருளும்போதும் இந்த பிரேக்குகள் பலவீனமாகவே தோன்றும். அடுத்தது, ஷூவுக்கும் டிரம்முக்கும் இடையே இடைவெளி அதிகமாக இருந்தால் நெம்புகோலின் ஓட்டம் முழுவதும் அந்த இடைவெளியைக் கடப்பதிலேயே செலவாகிவிடும். எவ்வளவு மின்சாரம் அனுப்பினாலும் அழுத்தம் வந்து சேராது. எங்களுக்கு நடந்தது இதுதான்.

ஷூக்களை நெருக்குதல்

சமதளமான தரையில் டிரெய்லரை நிறுத்தி, தூக்காத சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் முட்டுக்கட்டை வையுங்கள். ஜாக்கியை டிரெய்லரின் சட்டத்துக்கு அடியில் வைத்துத் தூக்க வேண்டும். ஆக்ஸிலுக்கு அடியில் வைத்தால் அது வளைந்துவிடக்கூடும். தூக்கியவுடன் ஸ்டேண்ட் வைத்துத் தாங்குங்கள். ஜாக்கி மட்டும் தாங்கும் வண்டிக்கு அடியில் கையைக்கூட நீட்டாதீர்கள்.

சக்கரத்தின் உட்பக்கம், பிரேக்கின் பின்தகட்டில், கீழ்ப்புறமாக ஒரு நீள்வட்டத் துளை இருக்கும். அதை ஒரு ரப்பர் மூடி அடைத்திருக்கும். மூடியை எடுத்து டார்ச் அடித்துப் பார்த்தால் பல் பல்லாக வெட்டிய ஒரு சிறு சக்கரம் தெரியும். அதுதான் நட்சத்திரச் சக்கரம். வளைந்த பிரேக் கரண்டியாலோ தட்டை முனை ஸ்க்ரூடிரைவராலோ அதன் பல்லை நெம்பித் திருப்புங்கள். ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு சொடுக்கு கேட்கும். எந்தப் பக்கம் திருப்பினால் ஷூ விரிகிறது என்பதைச் சில சொடுக்குகள் திருப்பிவிட்டு டயரைக் கையால் சுழற்றிப் பார்த்துக் கண்டுகொள்ளலாம். டயரை வண்டி முன்னே போகும் திசையிலேயே சுழற்ற வேண்டும்.

சுழற்றுவது மிகக் கடினமாகும் வரை ஷூவை விரித்துக்கொண்டே போங்கள். அப்படி இறுக்கினால்தான் ஷூக்கள் டிரம்முக்குள் நடுவாக அமரும். பிறகு எதிர்த்திசையில் திருப்பித் தளர்த்துங்கள். சக்கரம் தடையின்றிச் சுழல வேண்டும். அதே நேரம் லைனிங் (ஷூவின் மேல் உள்ள உராய்வுப் பட்டை) டிரம்மை மிக மெல்லியதாக உரசும் 'சர்... சர்...' என்ற ஓசையும் காதில் விழ வேண்டும். அந்த நிலையில் நிறுத்தி ரப்பர் மூடியை மறக்காமல் அடையுங்கள். விட்டுவிட்டால் தண்ணீரும் மணலும் உள்ளே போகும். எல்லாச் சக்கரங்களுக்கும் ஒரே அளவு உரசல் இருக்கும்படி செய்யுங்கள். ஒரு பக்கம் இறுகியும் மறு பக்கம் தளர்ந்தும் இருந்தால், பிரேக் பிடிக்கும்போது டிரெய்லர் ஒரு பக்கமாக இழுக்கும்.

சில டிரெய்லர்களில் தாமாகவே சரிசெய்துகொள்ளும் பிரேக்குகள் இருக்கின்றன. அவற்றை அடிக்கடி கையால் திருப்ப வேண்டியதில்லை. உங்களுடையது எந்த வகை என்று ஆக்ஸில் கையேட்டில் பாருங்கள். சாதாரண வகை என்றால், முதல் 200 மைலில் ஒரு முறையும், அதன்பின் 3,000 மைலுக்கு ஒரு முறையும், அதாவது ஏறத்தாழ 320 கிலோமீட்டரிலும் பிறகு 4,800 கிலோமீட்டருக்கு ஒருமுறையும், இந்த வேலையைச் செய்ய வேண்டும் என்பது ஆக்ஸில் தயாரிப்பாளர்கள் சொல்லும் கணக்கு. புது லைனிங் ஆரம்பத்தில் வேகமாகத் தேய்ந்து படிவதால்தான் முதல் தவணை இவ்வளவு சீக்கிரம் வருகிறது.

டிரம்மைக் கழற்றிப் பார்க்கும் துணிவு உங்களுக்கு இருந்தால், லைனிங் 1.6 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கிறதா என்றும், அதில் கிரீஸ் படிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பேரிங்குக்கு அளவுக்கு மிஞ்சி கிரீஸ் அடித்தால், அது பின்பக்க அடைப்பு வளையத்தைத் தாண்டி ஷூவில் இறங்கிவிடும். கிரீஸ் ஊறிய லைனிங்கைத் துடைத்துக் காப்பாற்ற முயல வேண்டாம். அந்த ஆக்ஸிலின் இரண்டு பக்க ஷூக்களையும் சேர்த்து மாற்றுங்கள். காந்தத்தின் முகம் ஒரே சீராகத் தேய்ந்திருக்க வேண்டும். செம்புக் கம்பி எட்டிப் பார்த்தால் அதன் ஆயுள் முடிந்துவிட்டது. டிரம்முக்குள் சேர்ந்திருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள், அது நுரையீரலுக்குக் கெடுதல், ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

வயரில் மின்சாரம் போய்ச் சேருகிறதா

கன்ட்ரோலரில் நான்கு வயர்கள் உண்டு. கறுப்பு பேட்டரியிலிருந்து வருவது, வெள்ளை எர்த், சிவப்பு பிரேக் மிதியின் ஸ்டாப் லைட் சுவிட்சிலிருந்து தகவல் கொண்டுவருவது, நீலம் டிரெய்லரின் பிரேக்குக்குப் போவது. புதியவர்கள் நீல வயரைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். என் அனுபவத்தில் பாதிக் கோளாறுகள் வெள்ளை வயரில்தான் இருக்கின்றன. மின்சாரம் போன வழியே திரும்பியும் வர வேண்டும். துருப்பிடித்த எர்த் இணைப்பு ஒன்று போதும், பிரேக்கின் பலத்தில் பெரும்பங்கை விழுங்கிவிட.

வண்டியின் மின்சாரத்தை டிரெய்லரோடு இணைக்கும் ஏழு முனைப் பிளக்கைத் திறந்து முனைகளைப் பாருங்கள். பச்சைக் களிம்பு படிந்திருந்தால் மெல்லிய கம்பித் தூரிகையால் தேய்த்து, மின் இணைப்புகளுக்கான கிரீஸைக் கொஞ்சமாகத் தடவுங்கள். கனடாவின் குளிர்காலச் சாலை உப்பு இந்தப் பிளக்கைத்தான் முதலில் அரிக்கிறது.

பிறகு காந்தங்கள் எல்லாம் வேலை செய்கின்றனவா என்று சோதியுங்கள். 10 அங்குல, 12 அங்குல பிரேக்குகளில் பொதுவாக ஒரு காந்தத்தின் மின்தடை 3.2 ஓம் அளவில் இருக்கும். அவை பக்கவாட்டாக இணைக்கப்பட்டிருப்பதால் நான்கு காந்தங்களும் சேர்ந்து 0.8 ஓம் காட்டும். மூன்றுதான் இயங்குகிறது என்றால் ஏறக்குறைய 1.1 ஓம். சாதாரண மல்டிமீட்டர் இவ்வளவு சிறிய எண்களைச் சரியாகக் காட்டாது. ஆகவே நேர்மின்சாரம் அளக்கும் கிளாம்ப் மீட்டரை நீல வயரின் மேல் மாட்டி, கெய்னை முழுதாக ஏற்றி, கன்ட்ரோலரின் கை நெம்பை முழுவதும் தள்ளச் சொல்லிப் பார்ப்பது மேல். நான்கு பிரேக் உள்ள டிரெய்லரில் 15 முதல் 16.3 ஆம்பியர் வரையும், இரண்டு பிரேக் உள்ள டிரெய்லரில் 7.5 முதல் 8.2 வரையும் வர வேண்டும். நான்கு பிரேக் டிரெய்லரில் 12 ஆம்பியர் அளவில் நின்றால், ஒரு சக்கரம் பங்கெடுக்கவில்லை என்று பொருள். எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் குறைவு என்றால் வயர் மெலிதாக இருக்கலாம் அல்லது எங்கோ இணைப்பு துருப்பிடித்திருக்கலாம். ஆக்ஸில் குழாய்க்குள் புகுந்து மறுபக்கச் சக்கரத்துக்குப் போகும் வயரைத் தனியாகப் பாருங்கள். குலுங்கிக் குலுங்கி உட்சுவரில் உரசி அதன் உறை கிழிவது அடிக்கடி நடக்கும் ஒன்று.

மீட்டர் இல்லாதவர்களுக்கு ஒரு எளிய வழி இருக்கிறது. ஒரு திசைகாட்டியைச் சக்கரத்தின் அருகே பிடித்துக்கொண்டு, உதவிக்கு ஒருவரைக் கை நெம்பைத் தள்ளச் சொல்லுங்கள். காந்தம் வேலை செய்தால் முள் வெடுக்கென்று திரும்பும். காதை அருகே வைத்தால் மெல்லிய ரீங்காரமும் கேட்கலாம். ஆனால் காந்தத்துக்கு மின்சாரம் வருகிறது என்பதை மட்டுமே இது சொல்லும், போதுமான அளவு வருகிறதா என்பதைச் சொல்லாது.

இதே நேரத்தில் பிரேக்அவே சுவிட்சையும் சோதித்துவிடுங்கள். டிரெய்லர் வண்டியிலிருந்து கழன்றுவிட்டால், இழுக்கப்படும் கம்பி ஒரு முளையை உருவி, டிரெய்லரின் சொந்த பேட்டரியிலிருந்து பிரேக்குக்கு முழு மின்சாரத்தையும் கொடுக்கும் ஏற்பாடு அது. ஏழு முனைப் பிளக்கை வண்டியிலிருந்து கழற்றிய பிறகே முளையை உருவுங்கள்; இணைந்திருக்கும்போது உருவினால் சில கன்ட்ரோலர்கள் பழுதாகிவிடும். சக்கரங்கள் பிடிக்கின்றனவா என்று பார்க்க, தூக்கியிருக்கும் டயரைக் கையால் சுழற்றினாலே போதும். பார்த்தவுடன் முளையைத் திரும்பச் செருகிவிடுங்கள். நேரம் கடந்தால் காந்தம் சூடேறும், பேட்டரியும் இறங்கும்.

கெய்னும் பூஸ்ட்டும்

கன்ட்ரோலர்களில் முக்கியமாக இரண்டு வகை உண்டு. நேரத் தாமத வகை, நீங்கள் எவ்வளவு அழுத்தமாக மிதித்தாலும் ஒரே மாதிரி மின்சாரத்தைப் படிப்படியாக ஏற்றும். விகித வகை, வண்டியின் வேகம் எவ்வளவு சீக்கிரம் குறைகிறது என்பதை உள்ளே உள்ள உணரியால் அறிந்து அதற்கேற்ப மின்சாரம் அனுப்பும். குடும்பத்தோடு பயணம் போகிறவர்களுக்கு விகித வகையையே நான் பரிந்துரைப்பேன். அவசரமாக நிற்க வேண்டிய நொடியில் அது காட்டும் வித்தியாசத்துக்கு அதன் கூடுதல் விலை ஈடாகும். ஆனால் விகித வகைப் பெட்டியை வண்டி போகும் திசைக்கு நேராகவும், கையேடு சொல்லும் சாய்வுக்குள்ளும் பொருத்த வேண்டும். கோணலாக மாட்டினால் உணரி தவறாக அளக்கும்.

கெய்ன் என்பது டிரெய்லருக்குப் போகக்கூடிய மின்சாரத்தின் உச்ச அளவு. பூஸ்ட் என்பது மிதித்த உடனே, தொடக்கத்திலேயே எவ்வளவு கொடுப்பது என்பது. நேரத் தாமத வகையில் ஏறக்குறைய இந்த வேலையை சிங்க் எனப்படும் திருகு செய்கிறது. புதியவர்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, பூஸ்ட்டால் தீர்க்க வேண்டியதைக் கெய்னால் தீர்க்கப் பார்க்கிறார்கள். அதனால் முதலில் பூஸ்ட்டை மிகக் குறைந்த நிலையில் வைத்துவிட்டு, கெய்னை முடியுங்கள். ஹைட்ராலிக் (திரவ அழுத்தத்தால் இயங்கும்) பிரேக் அமைப்புள்ள டிரெய்லருக்கென்று தனி நிலை உள்ள கன்ட்ரோலர் என்றால், சாதாரண மின்சார பிரேக் என்ற நிலையில் இருக்கிறதா என்றும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

வழக்கமாக எடுத்துச் செல்லும் பாரத்தையெல்லாம் ஏற்றிக்கொள்ளுங்கள், தண்ணீர்த் தொட்டி உட்பட. காலி டிரெய்லரில் அமைத்த கெய்ன் பாரம் ஏற்றிய டிரெய்லருக்குப் போதாது. பாரத்தோடு அமைத்தது காலி டிரெய்லரின் சக்கரத்தைப் பூட்டிவிடும். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு பெரிய கடையின் காலியான வாகன நிறுத்துமிடம் போன்ற, நேரான, சமமான, உலர்ந்த தார்த்தளம் வேண்டும். சரளைக்கல்லில் சோதிக்கக் கூடாது. அங்கே சக்கரம் மிக எளிதாகப் பூட்டிக்கொள்ளும் என்பதால், கெய்னைத் தேவைக்கும் கீழே இறக்கிவிடுவீர்கள்.

தொடங்கும் முன் பத்துப் பன்னிரண்டு முறை மிதமாக நிறுத்தி பிரேக்குகளைச் சூடேற்றுங்கள். குளிர்ந்த பிரேக் பலவீனமாகத் தோன்றும். அந்த நிலையில் அமைத்தால், சூடான பின் அளவுக்கு மீறிப் பிடிக்கும். புத்தம் புதிய பிரேக் என்றால் இது மட்டும் போதாது: மணிக்கு 65 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 30 வரை, டிரெய்லர் பிரேக்கால் மட்டும், இருபது முறையாவது வேகத்தைக் குறைத்து லைனிங்கைப் படியவிட வேண்டும். ஒவ்வொரு முறைக்கும் இடையில் ஆற விடுங்கள்.

இனி, கெய்னை நடுநிலையில், பத்துக்கு ஐந்து அளவில் வைத்துக்கொண்டு மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுங்கள். கால் பிரேக்கைத் தொடாமல், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, கன்ட்ரோலரின் கை நெம்பை மட்டும் முழுவதும் தள்ளுங்கள். டிரெய்லர் உங்களைப் பின்னால் பிடித்திழுப்பது இருக்கையிலேயே தெரிய வேண்டும். வெளியே பாதுகாப்பான தூரத்தில் ஒருவரை நிற்க வைத்து டயர்களைப் பார்க்கச் சொல்லுங்கள். சக்கரம் சுழலாமல் சறுக்கினால் கெய்னை அரைப் புள்ளி குறையுங்கள். இழுப்பு போதவில்லை என்றால் அரைப் புள்ளி ஏற்றுங்கள். பூட்டிக்கொள்வதற்குச் சற்றே முந்தைய புள்ளிதான் நீங்கள் தேடுவது. பூட்டிய சக்கரம் நன்றாக நிறுத்தும் என்று எண்ண வேண்டாம். சறுக்கும் டயருக்குச் சுழலும் டயரைவிடப் பிடிப்புக் குறைவு. பக்கவாட்டுப் பிடிப்போ அறவே போய்விடும், டிரெய்லர் வாலை ஆட்டத் தொடங்கும். நிறையப் பாரம் ஏற்றிய டிரெய்லரில் கெய்ன் பத்திலும் சக்கரம் பூட்டாமல் இருக்கலாம். இழுப்பு பலமாக இருந்தால் அது கோளாறு அல்ல. இழுப்பும் இல்லாமல் பூட்டவும் இல்லை என்றால் டிரம்முக்கும் வயருக்கும் திரும்பிப் போங்கள்.

அடுத்து கால் பிரேக். அதே வேகத்தில் சாதாரணமாக மிதித்து நிறுத்துங்கள். மிதித்த முதல் நொடியில் டிரெய்லர் முன்னே தள்ளி, பிறகு சரியாகிறது என்றால் பூஸ்ட்டை ஒரு படி ஏற்றுங்கள். தொட்டவுடன் வெடுக்கென்று பின்னால் இழுத்தால் ஒரு படி இறக்குங்கள். டிரெய்லரின் எடை வண்டியைவிடக் குறைவு என்றால் பெரும்பாலும் முதல் படியே போதும். வண்டிக்குச் சமமான எடைக்கு இரண்டாம் படி. தள்ளலும் இழுப்பும் இல்லாமல், பின்னால் ஒன்று இருப்பதே தெரியாமல் வண்டி நின்றால் அமைப்பு சரி. அதன்பின் 60 கிலோமீட்டர் வேகத்தில் சற்று அழுத்தமாக ஒரு முறை நிறுத்திப் பாருங்கள்.

ஓட்டி முடித்ததும் நான்கு டிரம்களின் வெப்பத்தையும் தொடாமல் அளக்கும் வெப்பமானியால் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று சூடாகவும் ஒன்று வெதுவெதுப்பாகவும் இருந்தால், அந்த ஒன்று சோம்பேறி. மற்ற மூன்றும் அதன் சுமையையும் சேர்த்துச் சுமக்கின்றன. ஒன்று மட்டும் தனியாகக் கொதித்தால் அதன் ஷூ இறுகியிருக்கலாம், அல்லது பேரிங் கெட்டிருக்கலாம்.

சாலையில்

கிடைத்த கெய்ன் எண்ணை, பாரத்தையும் சேர்த்து, ஒரு சீட்டில் எழுதிக் கன்ட்ரோலருக்கு அருகே ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்: "முழுப் பாரம் 6, காலி 4" என்பது போல. மழையிலும் பனியிலும் ஒன்றிரண்டு புள்ளிகள் குறைத்துக்கொள்ள வேண்டும். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டே இறங்கினால் டிரம் சூடாகிப் பிடிப்பை இழக்கும். தாழ்ந்த கியரில் இறங்கி, இடையிடையே அழுத்தமாக மிதித்து வேகத்தைக் குறைத்து, மீண்டும் விட்டுவிடுங்கள்.

டிரெய்லர் நெடுஞ்சாலையில் ஆடத் தொடங்கினால் கால் பிரேக்கைத் தொடாதீர்கள், ஸ்டியரிங்கை எதிர்த்துத் திருப்பாதீர்கள். ஆக்ஸிலரேட்டரை விட்டு, கை நெம்பை மெல்லத் தள்ளுங்கள். பின்னால் இருப்பது மட்டும் பிடிபட்டு, இழுத்த கயிறு போல நேராகும். அந்த நெம்பு எங்கே இருக்கிறது என்று பார்க்காமலேயே கை போகும் அளவுக்கு, வீட்டு வாசலில் வண்டி நிற்கும்போதே பத்து முறை பழகிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பயணத்தின் தொடக்கத்திலும், தெரு முனையை அடைவதற்குள், மெதுவான வேகத்தில் அதை ஒரு முறை தள்ளிப் பாருங்கள். பிளக் சரியாகச் செருகப்படவில்லை என்பதை நான் இருமுறை கண்டுபிடித்தது அங்கேதான்.